பீரோவை அப்புறம் வாங்கலாம்

கேள்வி: மயிலாடுதுறை கூறைநாட்டில் எங்கள் தாத்தா காலத்து வீடு இருக்கிறது. தாத்தா தறி வைத்திருந்தார். பெரியப்பா கும்பகோணத்தில் ஜவுளிக்கடை நடத்தினார்; அவருக்கு இப்போது எண்பத்து மூன்று வயது. கடையை மூடியபோது இரண்டு டிரங்குப் பெட்டி நிறையப் புடவைகள், வேட்டிகள், கணக்கு நோட்டுகள், கிராப் தாளில் வரைந்த டிசைன்கள், தறியில் டிசைனை ஓட்டும் துளையிட்ட ஜக்கார்டு அட்டைகள் ஒரு கட்டு எங்களிடம் வந்து சேர்ந்தன. இவற்றை வைத்து அந்த வீட்டிலேயே ஒரு துணி ஆவணகம் தொடங்க விரும்புகிறேன். செய்தி பரவியதும் அக்கம்பக்கத்தில் பலர் தங்கள் வீட்டுப் பழைய புடவைகளைத் தருவதாகச் சொல்கிறார்கள். ஒருவர் கோயிலில் அலங்காரமாகத் தொங்கவிடும் உருளை வடிவத் துணியான தொம்பை ஒன்றையே தருகிறேன் என்கிறார். மர பீரோ நல்லதா, இரும்பு பீரோவா? அந்துருண்டை போடலாமா? அழுக்கானவற்றை டிரை கிளீனிங் கொடுக்கலாமா? கண்ணாடிப் பெட்டியில் காட்சிக்கு வைக்கலாமா? பேஷன் கல்லூரி மாணவர்கள் படம் எடுக்க வருகிறோம் என்கிறார்கள், விடலாமா? கடைசியாக ஒன்று: வரும் தையில் என் மகளுக்குத் திருமணம். பாட்டியின் கூறைப் புடவையைத்தான் முகூர்த்தத்துக்குக் கட்டுவேன் என்கிறாள். கட்டலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

பீரோவைப் பற்றியும் அந்துருண்டையைப் பற்றியும் சொல்கிறேன். அதற்கு முன், உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் வந்த ஒரு வரியைப் பிடித்துக்கொள்கிறேன். பெரியப்பாவுக்கு எண்பத்து மூன்று வயது. டிரங்குப் பெட்டியில் இருக்கும் புடவை இன்னும் சில மாதம் அப்படியே கிடந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. அதை நெய்தவர் யார், நூல் எந்தச் சாயப்பட்டறையில் தோய்ந்தது, யார் வீட்டுக் கல்யாணத்துக்காக ஆர்டர் வந்தது என்பதெல்லாம் இன்று அவர் ஒருவரிடம்தான் இருக்கிறது. ஆவணகம் தொடங்குகிறவர்கள் அநேகமாக எல்லோருமே முதலில் தச்சரைக் கூப்பிடுகிறார்கள். நீங்கள் கும்பகோணத்துக்கு பஸ் ஏறுங்கள்.

கிராப் தாள்களையும் கணக்கு நோட்டுகளையும் கையோடு கொண்டுபோங்கள். "அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள் பெரியப்பா" என்று கேட்டால் எல்லாப் பெரியவர்களும் சொல்கிற கதையைத்தான் அவரும் சொல்வார். ஒரு தாளை அவர் முன்னால் விரித்து, "இந்த மாங்காய் புட்டா (மாங்காய் வடிவப் பூ) எந்தத் தறியில் ஓடியது? அட்டை யார் அடித்தது? என்ன கூலி? ஏன் நிறுத்தினீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு மாதிரி போகும். ஜவுளிக்கடைகளில் அடக்க விலையை வாடிக்கையாளருக்குப் புரியாத குறியெழுத்தில் எழுதி வைக்கும் வழக்கம் உண்டு. உங்கள் நோட்டிலும் இருந்தால் அதற்கான திறவுகோலை அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவருக்குப் பிறகு அதைப் படிக்க ஆள் இருக்காது. செல்பேசியில் பேச்சைப் பதிவு செய்து, அன்றிரவே கோப்புக்குப் பெயரும் தேதியும் இட்டு, ஒரு பிரதியை வீட்டிலும் ஒன்றை வேறு ஊரில் உள்ள உறவினரிடமும் ஒன்றை இணையச் சேமிப்பிலும் வைத்துவிடுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தைச் சேர்ந்த கோடாலிக்கருப்பூரில், தஞ்சை மராட்டிய அரசவைக்கென்றே துணி நெய்தார்கள். நுண்ணிய பருத்தியில் ஜரிகையால் உருவங்களை நெய்து, அதன்மேல் மெழுகு வைத்துச் சாயமேற்றி, நெசவு, சாய எழுத்து என இரண்டு வித்தைகளை ஒரே துணியில் சேர்த்தவர்கள் அவர்கள். 1855-இல் தஞ்சை அரசு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. வாங்க ஆளில்லாத தொழில் அந்த நூற்றாண்டோடு ஓய்ந்தது. துணிகள் இன்றும் சில அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன. செய்தவர்களின் வாய்ச்சொல்தான் இல்லை. பின்னால் அதைத் திரும்பச் செய்ய முயன்றவர்கள் துணியைப் பார்த்துப் பார்த்து ஊகிக்க வேண்டியதாயிற்று.

அடுத்தது பதிவேடு. கணினியில் எக்செல் தாள் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் பதிவு மட்டும் தைத்துக் கட்டிய நோட்டில், அழியாத மையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். 2025.3.2 என்றால் அந்த ஆண்டு மூன்றாவதாக வந்த கொடையில் இரண்டாவது பொருள். பொருள் தொலைந்தே போனாலும் அந்த எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்கக் கூடாது. எண்ணை வெள்ளைப் பருத்தி நாடாவில் எழுதி, துணியின் பின்புறம் ஒரு மூலையில், ஜரிகையில் ஊசி படாமல் இரண்டு தளர்ந்த தையல் போட்டால் போதும். ஸ்டிக்கர் வேண்டாம், குண்டூசி வேண்டவே வேண்டாம். கடைச் சரக்காக இருந்தவற்றில் விலைச்சீட்டு ஸ்டேப்ளர் பின்னோடு முந்தானையில் தொங்கிக்கொண்டிருக்கும். அதை இழுக்காதீர்கள். பின்னைச் சுற்றித் துரு ஏறிய இழைகள் கையோடு பொடிந்து வந்துவிடும். துணியைப் புரட்டி, பின்னின் இரண்டு கால்களையும் மெல்லிய தகட்டால் நிமிர்த்திவிட்டு மேலே தூக்குங்கள். சீட்டைக் குப்பையில் போடாமல் அதற்கும் அதே எண்ணைக் கொடுத்து ஓர் உறையில் வையுங்கள்.

'பழமை வாய்ந்த அழகிய பட்டுப்புடவை' என்று பதிவேட்டில் எழுதுவது எதற்கும் உதவாது. மாதிரிக்கு ஒரு பதிவு எழுதிக் காட்டுகிறேன்:

"ஒன்பது கெஜம். நீளம் 8.2 மீட்டர், அகலம் 1.15 மீட்டர். பட்டும் பருத்தியும் கலந்து நெய்த கட்டம். அங்குலத்துக்குப் பாவு 84 இழை, ஊடை 72 இழை. இருபுறமும் ஜரிகைக் கரை. ஜரிகையின் உள்நூல் சிவப்புப் பட்டு. முந்தானையிலிருந்து இரண்டாவது மடிப்பில் ஒரு சாண் கிழிசல், அதன்மேல் பழைய கைத்தையல். கீழ் மூலையில் மஞ்சள். கொடுத்தவர் சொன்னது: தன் தாயின் கூறை, திருமணம் குத்தாலத்தில், 1950-களில்."

பாவு என்பது நீளவாட்டில் ஓடும் இழை, ஊடை குறுக்கே ஓடுவது. இழை எண்ணுவதற்கு நெசவாளர்கள் வைத்திருக்கும் மடக்கு லென்ஸ் போதும். பட்டா, பருத்தியா, செயற்கை நூலா என்று சந்தேகம் வந்தால் ஓரத்தில் உதிர்ந்து நிற்கும் ஒரே ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள். பட்டு மயிர் கருகிய வாடை வீசும். பருத்தியில் காகிதம் எரிந்த வாடை வரும். பாலியெஸ்டர் உருகி மணியாக இறுகிவிடும். மூலையில் உள்ள மஞ்சளைக் கறை என்று குறிக்காதீர்கள். புதுத்துணியைக் கட்டும் முன் மஞ்சள் தடவியிருக்கிறார்கள், அந்தப் புடவை கடையில் கிடக்காமல் ஒரு வீட்டுக்குப் போனது என்பதற்கு அதுதான் சாட்சி. சொற்களும் நெசவாளர் சொற்களாகவே இருக்கட்டும்: பாவு, ஊடை, கரை, முந்தி, புட்டா, அச்சு (பாவு இழைகளை வரிசையாக நிறுத்தும் தறிச் சீப்பு), விழுது (பாவு இழைகளைத் தூக்கி இறக்கும் கண்ணிகள்). நாளைக்கு ஒரு நெசவாளர் உங்கள் பதிவேட்டைப் புரட்டினால் அவருக்குப் புரிய வேண்டும்.

அக்கம்பக்கத்தார் தருவதாகச் சொல்வதைப் பற்றி. எதை வாங்குவோம் என்பதைவிட எதை வாங்கமாட்டோம் என்பதை முதலில் ஒரு பக்கத்துக்கு எழுதி, வாசலில் ஒட்டாவிட்டாலும் மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊர்கள், எந்தக் காலம் வரை, எந்த வகை என்று அதில் இருக்க வேண்டும். ஒரே மாதிரி அரக்குப் பட்டு நாலாவதாக வந்தால் கும்பிட்டுத் திருப்பிக் கொடுக்கத் தெரிய வேண்டும். 'உங்களிடம் இருக்கட்டும், வேண்டும்போது வாங்கிக்கொள்கிறேன்' என்று தருவதையும் ஏற்க வேண்டாம். நீங்கள் செலவு செய்து காப்பாற்றியதைப் பத்தாண்டு கழித்து மருமகன் வந்து கேட்பார். கொடுத்தவர், பொருள், நிபந்தனை, படம் வெளியிடச் சம்மதம் உண்டா என்பவை அடங்கிய ஒரு பக்கக் கொடைச் சீட்டில் இருவரும் கையெழுத்திடுங்கள்.

இங்கே எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. துணி ஆவணகம் என்ற பெயரில் நாம் சேர்ப்பதெல்லாம் வசதியுள்ளவர்கள் வீட்டுக் கல்யாணப் பட்டு. காவிரிப் பாசனத்தில் நடவுக்கும் களையெடுப்புக்கும் கட்டிப்போன நூல் சேலை எங்கே? அது கிழியும்வரை உடுத்தப்பட்டது, கிழிந்த பிறகு தூளியானது, பிறகு தலையணை உறை, கடைசியில் அடுப்படிக் கரித்துணி. அதனால்தான் கிடைப்பதில்லை. தலையணை உறையாகக் கிடைத்தால் உறையாகவே வாங்குங்கள். சிற்றாடை, பள்ளிச் சீருடை, தவில்காரரின் வேட்டி, ஊர்த் தையல்காரரின் அளவு நோட்டு, அவர் பழைய காகிதத்தில் வெட்டி வைத்த ரவிக்கை அச்சு இவையெல்லாம் உங்கள் பட்டியலில் முன்வரிசையில் இருக்க வேண்டியவை. ஐம்பது ஆண்டில் ரவிக்கைக் கை எப்படி நீண்டும் குறுகியும் வந்தது என்று அந்த அளவு நோட்டு சொல்லும். எந்தப் பட்டும் சொல்லாது.

பட்டுக்கு வேறொரு எமன் இருக்கிறான். 'பழைய பட்டுப்புடவை வாங்கப்படும்' என்று தெருவுக்குத் தெரு எழுதிப் போட்டிருக்கிறார்களே, அவர்கள் வாங்குவது புடவையை அல்ல. அசல் ஜரிகை என்பது வெள்ளிக் கம்பியைத் தகடாக்கிப் பட்டு நூலில் சுற்றிப் பொன்முலாம் பூசியது. புடவையைக் கொளுத்தி அந்த வெள்ளியை எடுக்கிறார்கள். விற்கத் துணிந்த வீட்டில் போய், "ஜரிகைக்கு அவர் தரும் காசை நான் தருகிறேன்" என்று சொல்ல உங்களிடம் ஒரு சிறு நிதி இருந்தால், பீரோவுக்கு வைத்திருக்கும் பணத்தைவிட அது பயன்படும்.

தொம்பை விஷயத்தில் கறாராக இருங்கள். கோயில் சொத்தைத் தனியாள் ஒருவர் தர முடியாது. நிர்வாகத்தின் எழுத்து மூலமான ஒப்புதல் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். படமும் அளவும் எடுத்துக்கொண்டு திருப்பி அனுப்புங்கள். ஒப்புதலோடு வந்தால் அது துணியில் கோலால் சாயமெழுதும் சிக்கல்நாயக்கன்பேட்டைக் கலம்காரிக்காரர்கள் எழுதியதா என்று விசாரியுங்கள். பழைய கலம்காரியில் சிவப்பு அசையாமல் இருக்கும், கறுப்புக் கோடு ஓடிய இடத்தில் மட்டும் துணி பொடிந்திருக்கும். இரும்பையும் வெல்லத்தையும் புளிக்க வைத்துச் செய்த கறுப்பு, நூலையே அரித்துவிடும். அப்படிப்பட்டதை மடிக்கக் கூடாது, தொங்கவிடவும் கூடாது, உருளையில் சுற்றி வைப்பதுதான் வழி. நூறாண்டு கடந்த துணியைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு எடுத்துப் போக முடியாது என்று 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் சொல்கிறது. வெளியூர் ஆர்வலர்கள் யாராவது ஆசை காட்டினால் நினைவிருக்கட்டும்.

இப்போது பீரோ. மரம் அமில ஆவியை விடும். பிளைவுட்டில் உள்ள பசை இன்னும் மோசம். பவுடர் கோட்டிங் செய்த இரும்பு பீரோ வாங்குங்கள். துருப்பிடித்த டிரங்குப் பெட்டியிலிருந்து துணிகளை இந்த வாரமே வெளியே எடுத்துவிடுங்கள்.

பீரோவைவிட அறை முக்கியம். டெல்டாவில் துணிக்குப் பெரிய பகை ஐப்பசியும் கார்த்திகையும்தான். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி அங்கேயே நின்றால் பூஞ்சணம் பூக்கும். அடைமழைக் காலத்தில் நம் ஊரில் 80-ஐத் தாண்டுவது சாதாரணம். பழைய சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சமையலறையோடும் கிணற்றடியோடும் சுவரைப் பங்கிடாத உள் அறையாகப் பாருங்கள். ஓட்டுக்குக் கீழே உள்ள மச்சு கோடையில் கொதிக்கும், அது வேண்டாம். பீரோவைச் சுவரிலிருந்து அரையடி தள்ளி, ஓரடி உயர மேடையில் வையுங்கள். சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதமானி கிடைக்கிறது, வாங்கி மாட்டி, காலையும் மாலையும் நோட்டில் குறித்து வாருங்கள். ஓராண்டுக் குறிப்பு கையில் இருந்தால் எந்த மாதம் சன்னலைத் திறக்கலாம், எந்த மாதம் மூடிவைத்து மின்விசிறி போடலாம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். ஈரமுறிஞ்சும் கருவியும் குளிர்சாதனமும் நல்லவைதான். ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையைக் கடந்த பிறகு எத்தனை ஊர்கள் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தன என்பதை மறக்க முடியாது. மின்சாரம் இல்லாவிட்டாலும் தாங்குகிற ஏற்பாடாக இருக்கட்டும். தண்ணீர் புகுந்து துணி நனைந்தால் இரண்டு நாளுக்குள் காய வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம். கொடியில் போடாமல் பாயில் விரித்து நிழலில் உலர்த்துங்கள். ஈரப் பட்டைத் தொங்கவிட்டால் தன் பாரத்திலேயே கிழியும்.

பாலித்தீன் உறை, செய்தித்தாள், சாதாரண அட்டைப்பெட்டி மூன்றும் கூடாது. அமிலமற்ற தாள் விலை அதிகம். அதற்குப் பதில் வெளுக்காத மல் துணி வாங்கி, சோப்பில்லாமல் கொதிநீரில் இரண்டு முறை அலசிக் கஞ்சியை முழுவதும் போக்கிவிட்டுச் சுற்றுங்கள். கஞ்சி மீதி இருந்தால் பாச்சைக்கும் இராமபாணப் பூச்சிக்கும் விருந்து. திருபுவனம் பட்டுக்கு விசிறி மடிப்பு பேர்போனது. கடையில் விரித்துக் காட்ட அழகாக இருக்கும். ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடந்தால் ஒவ்வொரு மடிப்பிலும் ஜரிகை முறியும். ஒவ்வொரு மடிப்பின் உள்ளேயும் மல் துணியைக் கயிறுபோல் திரட்டி வைத்தால் மடிப்பு கூராக விழாது. ஆண்டுக்கு ஒரு முறை மடிப்பை இடம் மாற்ற வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் பெட்டியைத் திறந்து துணியை உதறிக் காயவைக்கும் பாட்டிமார் வழக்கம் இதற்குப் பொருத்தமானது, வெயிலை மட்டும் விட்டுவிடுங்கள். மாசியில் ஒரு நாள் கூடத்து நிழலில் பாய் விரித்து, அதன்மேல் சுத்தமான வேட்டி விரித்துச் செய்யலாம். பெரிய துணிகளுக்குக் கடைகளில் தூக்கிப் போடும் துணி உருளைகளைக் கேட்டு வாங்கி, அலுமினியத் தாள் சுற்றி, அதன்மேல் மல் துணி சுற்றிப் பயன்படுத்துங்கள்.

அந்துருண்டை வேண்டாம். அந்த ஆவி உங்கள் நெஞ்சுக்கும் ஆகாது. வேப்பிலையும் வசம்பும் வைக்கலாம், துணியில் படாமல் சிறு பையில். காய்ந்த இலையில் பூச்சியே குடியேறும் என்பதால் அடிக்கடி மாற்ற வேண்டும். பூச்சி வந்துவிட்டது என்றால் துணியைப் பாலித்தீனில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரிக்குக் குறைவான உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்து ஒரு நாள் முழுவதும் பிரிக்காமல் விட்டுப் பிறகு திறவுங்கள். உறையில் கட்டுவது இதற்கு மட்டும்தான். வண்ணம் எழுதியது, மணி கோத்தது எதையும் உறைபெட்டியில் வைக்காதீர்கள். புதிதாக வரும் எந்தத் துணியும் நேரே பீரோவுக்குள் போகக் கூடாது. வேறு அறையில் சில வாரம் கிடந்து, பூச்சி இல்லை என்று தெரிந்த பிறகுதான் உள்ளே வர வேண்டும்.

துவைப்பதும் டிரை கிளீனிங்கும் கூடாது, இஸ்திரியும் கூடாது. தூசியை மட்டும், துணியின்மேல் வலை விரித்து, உறிஞ்சும் வேகத்தைக் குறைத்த வேக்குவம் கருவியால் எடுக்கலாம். காட்சிக்கு வைப்பதானால் வெளிச்சம் 50 லக்ஸுக்குள் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும், ஒரு துணி மூன்று மாதத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. முற்றத்து வெளிச்சம் விழும் கூடம் இதற்கு ஆகாது.

மாணவர்கள் வரட்டும். மோதிரம், வளையலைக் கழற்றி, கையைக் கழுவித் துடைத்துவிட்டு, பேனாவுக்குப் பதில் பென்சிலோடு உட்காரட்டும், ஃபிளாஷ் வேண்டாம். துணிகளைத் தாராளமாகக் காட்டுங்கள். கிராப் தாள்களையும் அட்டைகளையும் காட்டும் முன் யோசியுங்கள். அவற்றை வரைந்தவரோ அவர் பிள்ளைகளோ இன்றும் அந்த டிசைனை வைத்துப் பிழைக்கக்கூடும். அவர்களைக் கேட்காமல் எல்லோரும் நகலெடுக்கத் திறந்துவிடுவது நியாயமில்லை.

மகளின் ஆசை. ஆவணகத்தில் எண் ஏறிய துணியை யாரும் உடுத்துவதில்லை. விதி வைத்தவரே முதல் மாதத்தில் விலக்குக் கேட்டால் கொடை கொடுத்தவர்கள் என்ன நினைப்பார்கள்? வியர்வை, பூச்சாறு, ஓமப் புகை, உட்கார்ந்து எழும்போது மடிப்பில் விழும் இழுவை இத்தனையையும் பாட்டி காலத்துப் பட்டிழை தாங்காது. ஆகவே கட்ட வேண்டாம். அந்தப் புடவையின் அளவு, கட்டம், இழை எண்ணிக்கை, நிறம் எல்லாம்தான் உங்கள் பதிவேட்டில் வரப்போகின்றனவே. அந்தப் பக்கத்தோடு, பட்டும் பருத்தியும் கலந்து கட்டம் நெய்யத் தெரிந்த நெசவாளர் ஒருவரைப் பிடித்து அதேபோல் புதிதாக நெய்யச் சொல்லுங்கள். எந்தத் தறியில் கட்டம் ஓடுகிறது என்று பெரியப்பாவுக்குத் தெரிந்திருக்கும். சாயமிடவும் பாவு ஓட்டவும் நாள் பிடிக்கும், தைக்கு வேண்டுமென்றால் ஆவணிக்குள் சொல்லிவிடுங்கள். பாவு ஓட்டுவதுதான் பெரிய வேலை, அதே பாவில் இன்னொன்றும் நெய்து வாங்கிவிடலாம். அதை ஆவணகத்தில் வெளியே வைத்துவிடுங்கள். வருகிறவர்கள் கையால் தொட்டுப் பார்க்க ஒரு புடவை வேண்டும்.